சர்க்கரை நோய் உள்ள அம்மாவின் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

"எவ்வளவு சொன்னாலும் அம்மா கேட்பதில்லை, ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சர்க்கரைக்கார அம்மாதான் தம்பி, அதனால் அவர் பக்கம் பேசுகிறேன். திட்டத் திட்ட ஒளிக்கத்தான் தோன்றும்.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள், நாள் முழுக்க மிஷின் முன்னால். ஆஸ்பத்திரிக்குப் போனால் சோற்றைக் குறை, நடை போ, இனிப்பைத் தொடாதே என்று ஒரே மூச்சில் சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஒரு நர்ஸம்மா மட்டும் உட்காரவைத்து, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்னென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வரும்போதுதான் தெரிந்தது, வில்லன் சோறு மட்டும் இல்லை, துணி கொடுக்க வருகிறவர்களோடு உட்கார்ந்து குடிக்கிற டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. "இதில் எதை விட உங்களுக்கு மனசு வரும்?" என்றார். காலை டீயில் கை வைக்க மாட்டேன், மற்றதெல்லாம் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறேன் என்றேன். நடையும் அப்படித்தான், விடிகாலையில் தெருநாய் பயம், ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் கால் மணி நேரம் நடக்கலாமா என்று நானே கேட்டேன். சாப்பிட்டபின் நடந்தால் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்ளும், தாராளமாகச் செய்யுங்கள் என்றார். கடைசி மூன்று மாத நிலவரத்தைக் காட்டுகிற ஏ1சி டெஸ்டில் 9.1 இருந்தது, அடுத்த தடவை 7.8.

உடனே "அது மாத்திரை வேலை" என்று யாராவது வருவீர்கள். மாத்திரையை விடச் சொல்லவில்லை, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, போடுகிறேன், ஆனால் மாத்திரையின் அளவு மாறவில்லை. 7-க்குக் கீழே வரவேண்டும் என்பதும் தெரியும். கருப்பட்டி போட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்கிறவர்களுக்கு, அதுவும் சர்க்கரைதான்.

டென்ஷன் ஆகாதீர்கள் என்றும் சொல்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் ரவிக்கைத் துணியோடு வந்து இன்றைக்கே வேண்டும் என்பது, கூலியைப் பொங்கலுக்குத் தருவது, இதில் எங்கே டென்ஷன் ஆகாமல் இருக்க?

சரி, உங்கள் அம்மாவிடம் எதை மாற்ற முடியும் என்று அவரையே கேளுங்கள், ஒன்றே ஒன்று போதும். இன்சுலின் போடுகிறவர் என்றால் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து மயக்கம் வந்துவிடும்.