சிட்னியில் வென்றவர்

ஐயா,
மொராக்கோவின் ஹிஷாம் எல் கெரூஜ் பற்றி என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1500 மீட்டரில் உலக சாதனையும் நான்கு உலகப் பட்டங்களும் பெற்றவரை அட்லாண்டா, சிட்னி ஒலிம்பிக்குகளில் விதி வஞ்சித்துவிட்டது. இன்றைய காலணிகள் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு வேகமாக ஓடியிருப்பார்?
க.

அன்புள்ள க.,

காலணிக் கேள்விக்கு எவரும் எந்த எண்ணையும் சொல்லலாம், சரிபார்க்க வழியில்லை, அதை விட்டுவிடுவோம். மகளுக்கு ஓட்டக்காரர் ஒருவரின் கதையைச் சொல்லும் தந்தையின் கடிதம் என்பதால் மகிழ்ச்சியோடு வாசித்தேன். ஆனால் அந்த விதிக் கதை வேண்டாம்.

1996 அட்லாண்டா இறுதிப் போட்டியில், கடைசிச் சுற்று தொடங்கும் தறுவாயில், முன்னே ஓடிய அல்ஜீரியாவின் மொர்செலியின் குதிகாலில் இடறி எல் கெரூஜ் விழுந்தார். அது விபத்துதான். 2000இல் சிட்னியில் யார் விழுந்தார்கள்? கடைசி நேர்பாதையில் அவருடைய தோளை ஒட்டி வந்து முந்திச் சென்றவர் கென்யாவின் நோவா என்கேனி, நேரம் 3:32.07, வித்தியாசம் கால் விநாடி. உங்கள் கடிதத்தில் அவர் பெயரே இல்லை. முந்தைய ஆண்டு ரோமில் எல் கெரூஜ் மைல் ஓட்டத்தை 3:43.13இல் முடித்து உலக சாதனை படைத்த இரவில், 0.27 விநாடி பின்னால் அவரை விடாமல் துரத்தி வந்தவரும் இதே என்கேனிதான். முன்னால் ஓடுபவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் வருபவர் எப்போது பாய்வார் என்பதும் அவருக்குத் தெரியாது. பின்னால் வருபவரோ அவருடைய ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே தன் பலத்தைச் சேமிக்கலாம். ரோமில் போதாமல் போன அந்தச் சேமிப்பு சிட்னியில் போதுமானதாக இருந்தது. இருபத்தொரு வயது இளைஞர் கணக்கிட்டு, பொறுத்திருந்து, ஓடி வென்றதை விதியின் கணக்கில் எழுதுவது அநியாயம் இல்லையா?

அப்படி எழுதினால் எல் கெரூஜின் 2004 ஏதென்ஸ் வெற்றியும் சிறுத்துப்போகும். அங்கும் 1500 மீட்டரின் கடைசி நேர்பாதையில் கென்யாவின் பெர்னார்ட் லகாத் அவரைச் சற்றே முந்தினார். சிட்னியில் எட்டாமல் போன பதில் வேகம் இம்முறை கால்களில் இருந்தது, 0.12 விநாடியில் தங்கம் வென்று, நான்கு நாள் கழித்து 5000 மீட்டரிலும் எத்தியோப்பியாவின் பெக்கேலேயை முந்தினார். ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டையும் 1924இல் பின்லாந்தின் நூர்மி வென்றதற்குப் பிறகு வேறெவரும் வென்றிருக்கவில்லை.

என்கேனி 1999இல் 1000 மீட்டரை 2:11.96இல் ஓடி உலக சாதனை படைத்தவர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். பிறகு சிட்னி ஓட்டத்தை அவளுக்குப் போட்டுக்காட்டுங்கள், இம்முறை எல் கெரூஜின் பின்னால் ஓடி வருபவரைப் பார்க்கச் சொல்லி.