வெளிநாட்டில் விவசாயம் செய்தால் வாழ்க்கைத் தரம் உயருமா? ஊர் நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா?

வளர்ந்த நாடுகளில் விவசாயிகள் வசதியாக வாழ்வதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்றுவிட்டு அங்கே பண்ணை வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிக்கு அருகே, தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவன். கால்நடைப் பட்டயம் படித்துவிட்டு, 2013 முதல் 2021 வரை நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள சவுத்லாந்து வட்டாரத்தில் பால் பண்ணைகளில் வேலை பார்த்தேன். இப்போது ஊரில் அப்பாவோடு சேர்ந்து கார், பிசானம் என்ற இரண்டு பருவத்திலும் நெல் போடுகிறேன். ஆகவே என்னால் ஒரு நாட்டையும் ஒரு கால்வாயையும் பற்றித்தான் பேச முடியும்.

அங்கே போனதும் முதலில் கண்ணில் படுவது இயந்திரம். நான் இருந்த பண்ணையில் அறுநூறு மாடுகள். பால் கறக்கும் கூடம் ராட்டினம் போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மாடுகள் ஒவ்வொன்றாகத் தாமே ஏறி நிற்கும். ஏறும் இடத்தில் ஒருவர் காம்புகளில் குழாயை மாட்டுவார், ஒரு சுற்று முடிவதற்குள் கறந்து முடிந்துவிடும், இறங்கும் இடத்தில் இன்னொருவர் காம்புக்கு மருந்து தெளித்து அனுப்புவார். இரண்டே பேர் சுமார் இரண்டரை மணி நேரத்தில் அறுநூறு மாடுகளையும் கறந்துவிடுவோம். இதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியபோது ஊரில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அப்பா மட்டும், "மாடு மேல ஒருத்தரும் கையே வைக்கலியே, அப்புறம் எப்படி அதுக்கு என்ன செய்யுதுன்னு தெரியும்?" என்று கேட்டார். அது நல்ல கேள்வி என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

வாழ்க்கைத் தரத்துக்கு இயந்திரம் காரணமில்லை என்பதை முதல் வருடமே உணர்ந்துகொண்டேன். ஆகஸ்டில் கன்று ஈனும் பருவம் தொடங்கும். ஏறத்தாழ பத்து வாரங்களுக்குள் மந்தை முழுவதும் ஈன்றாக வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்குக் கறவை. ஆலங்கட்டியும் மழையும் கலந்து முகத்தில் அடிக்க, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, சேற்றில் கிடக்கும் ஈரக் கன்றுகளைத் தூக்கி வண்டியில் போட வேண்டும். அந்தப் பருவத்தில் என்னுடைய முதல் முதலாளி, நான் வேலை செய்த மணிநேரத்துக்கும் சம்பளச் சீட்டில் எழுதிய மணிநேரத்துக்கும் சம்பந்தமே இல்லாதபடி பார்த்துக்கொண்டார். நான்கு நாள் ஆன காளைக்கன்றுகளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அது எங்கே போகிறது என்று முதல் தடவை கேட்டுவிட்டு அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். எட்டு வருடத்தில் அது பழகிவிட்டது என்று சொல்ல முடியாது, கேட்பதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.

இரண்டாவது பண்ணைக்கு மாறிய பிறகுதான் நீங்கள் கேட்கும் அந்த 'வசதி' எதில் இருக்கிறது என்று தெரிந்தது. அங்கே பதினொரு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்ற முறை இருந்தது. அதற்கு மேல் சட்டப்படி ஆண்டுக்கு நான்கு வாரம் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. நோய்க்கான விடுப்பு 2021 ஜூலை முதல் பத்து நாள் ஆயிற்று. மாடு உதைத்துக் கை முறிந்தால், 1974 முதல் அங்கு நடைமுறையில் இருக்கும் விபத்து ஈட்டுத் திட்டத்தில் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதமும் கிடைக்கும். யார் மேல் தவறு என்று யாரும் கேட்பதில்லை. முதலாளிக்கும் விடுப்பு உண்டு. அவரும் அவர் மனைவியும் வருடத்தில் இரண்டு வாரம் குடும்பத்தோடு எங்காவது போவார்கள், பண்ணை அது பாட்டுக்கு ஓடும்.

எங்கள் வீட்டில் இதை நினைத்தே பார்க்க முடியாது. ஒன்றரைக் கோட்டை விதைப்பாடு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் வயலும், தொழுவில் இரண்டு கறவை மாடுகளும் வைத்துக்கொண்டு, என் தங்கையின் கல்யாணத்தன்று இரவு மண்டபத்தில் தங்காமல் வீட்டுக்கு வந்து அதிகாலையில் பால் கறந்துவிட்டுத் திரும்பி மண்டபத்துக்குப் போனவர் அப்பா. அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் மாட்டுக்குப் பால் கட்டிக்கொள்ளும் என்பதால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கறந்திருக்கிறார். வரும்படி போதவில்லை என்று அவர் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை, 'நம்மால ஒரு எடத்துக்கு நவுர முடியலியே' என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

2017 நவம்பரில் அப்பா என்னைப் பார்க்க வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். என் விடுப்பு நாளில் எனக்குப் பதிலாக, பக்கத்து டவுனிலிருந்து ஓர் அம்மாள் கறவைக்கு வந்தார். இந்த மாதிரி மாற்று ஆட்கள் அங்கே எல்லா வட்டாரத்திலும் இருப்பார்கள், நாலைந்து பண்ணைகளுக்கு முறை வைத்து வருவார்கள். அப்பா அவரைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு நம்ம மாடுகளைத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். பிறகு எப்படி என்றார். அப்பாவைக் கூடத்துக்குள் அழைத்துப் போய்ச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினேன். எந்த எண் மாட்டுக்கு மடிநோய், எந்தக் காம்பில், என்று ஊசி போட்டது, என்று வரை பாலைத் தொட்டியில் சேர்க்கக் கூடாது என்பது எல்லாம் அதில் எழுதியிருந்தது. அந்த மாடுகளின் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தது. சிவப்புக் கால் ஏறினால் அதன் பால் தனி வாளிக்குப் போக வேண்டும் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரியும். அப்பா அந்தப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றார்.

எங்கள் தொழுவில் கறுப்பி கன்றைப் பக்கத்தில் கட்டினால்தான் பால் விடும். இது அப்பாவுக்கு மட்டும் தெரியும். கீழ வயலின் மடையில் நண்டு வளை இருக்கும் இடமும், இரவில் தண்ணீர் எந்த வழியாகத் திருடுபோகும் என்பதும் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. அங்கே அறிவு சுவரில் இருக்கிறது, ஆகவே ஆள் நகரலாம். இங்கே அறிவு ஆளுக்குள் இருக்கிறது, ஆகவே ஆள் நகர முடியாது. வளர்ந்த நாட்டு விவசாயத்தில் நான் கண்ட பெரிய வேறுபாடு இதுதான். சுவரில் எழுதியதைப் பார்த்துச் செய்வதற்கு ஓர் ஆளும், அந்த ஆளுக்குக் கூலி கொடுக்கும் அளவுக்கு மிச்சமும் வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பின்லாந்தில் இதை அரசே ஏற்றுக்கொண்டு, கால்நடை வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுமுறையும் அந்த நாட்களுக்கு மாற்று ஆளும் ஏற்பாடு செய்கிறது. நியூசிலாந்தில் அப்படி அரசு ஏற்பாடு கிடையாது, ஆளை நாமே பிடித்துக் கூலி கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததே என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. கால்வாய்ப் பாசன ஊர்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். ஒரு மடைக்குக் கீழே உள்ள வயல்கள் அனைத்துக்கும் முறைப்படி தண்ணீர் கட்டுவது அவர் பொறுப்பு. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளப்பார்கள். அவர் இருந்தவரை வயல்காரர்கள் நிம்மதியாகத் திருச்செந்தூருக்குப் போய்வந்தார்கள். அவருடைய மகன்கள் திருப்பூருக்குப் போன பிறகு, அவரவர் கையில் டார்ச்சோடு நள்ளிரவில் அவரவர் மடையில் நிற்கிறோம். அந்த வேலைக்குச் சாதியின் பெயரால் ஒரு குடும்பத்தைக் கட்டிப் போட்டிருந்தார்கள் என்பதையும், அவர்கள் விட்டுப் போனது நியாயம் என்பதையும் மறந்துவிட்டு அந்தக் காலத்துக்கு ஏங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வேலை தேவையாக இருந்தது, அதற்கு நாம் உரிய கூலியும் மரியாதையும் கொடுத்திருந்தால் ஒருவேளை யாராவது நின்றிருப்பார்கள்.

இனி, அங்கே நிலத்துக்காரர்களின் நிலை. சொந்தப் பண்ணை என்றால் பெரும்பாலும் பெருங்கடன் என்றுதான் பொருள். 1984-இல் ஆட்சிக்கு வந்த அரசு, விவசாய மானியங்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாக எடுத்துவிட்டது, ஐரோப்பாவைப் போல அரசு தாங்கிப் பிடிக்காது. பாலை வாங்குவது பெரும்பாலும் விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள, 2001-இல் உருவான ஃபான்டெரா கூட்டுறவு. அதன் விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும். பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் சேர்ந்த திடப்பொருள் கிலோவுக்கு 2013-14 பருவத்தில் 8.40 நியூசிலாந்து டாலர் கொடுத்தது, 2015-16-இல் 3.90 டாலர்தான் கொடுத்தது. அந்த வருடம் என் முதலாளி கறவை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பல நாள் பார்த்தேன். ஒருநாள் அவர் மனைவி கிராமப்புற உதவி அறக்கட்டளைக்குப் போன் செய்தார். அவரைப் போன்ற இன்னொரு விவசாயிதான் வந்து சமையலறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அப்படி ஓர் அமைப்பு தேவைப்படும் அளவுக்கு அங்கே துயரம் இருக்கிறது என்றும் இதைப் படிக்கலாம், துயரத்துக்கு ஒரு தொலைபேசி எண் இருக்கிறது என்றும் படிக்கலாம்.

தனிமை வேறு. அடுத்த வீடு இரண்டு கிலோமீட்டர். பால் கறந்துவிட்டு வரும்போது நின்று பேச ஒரு டீக்கடை கிடையாது. இங்கே நான் தினமும் காலையில் ஆறு பேரிடம் பேசாமல் வயலுக்குப் போக முடியாது, பாதி நேரம் அது தொந்தரவு, ஆனாலும் அது இல்லாத இடத்தில் மூன்று குளிர்காலம் கழிந்த பிறகு சுவரோடு பேசப் பழகிவிட்டேன். கல்யாணமாகிக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது ஓரளவு குறையும். பிள்ளைகளுக்குப் பள்ளி வண்டி உண்டு.

கட்டுப்பாடுகளும் அதிகம். செயற்கைத் தழைச்சத்து உரம் மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று 2021 ஜூலையிலிருந்து விதி. சாணித் தண்ணீர் ஓடையில் கலந்தால் அபராதம். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், தாமிரபரணியில் என்னென்ன கலக்கிறது என்று பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இங்கே உள்ள நிலைமையையும் மறைக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி, எங்கள் பிசான நடவு தண்ணீருக்குள் கிடந்தது. மறுபடி சேற்று உழவு செய்து, நாற்று வாங்கி, நடுவைக்கு ஆள் தேடி, எல்லாவற்றையும் இரண்டாவது முறை செய்தோம். அந்தச் செலவு இன்னும் தீரவில்லை.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். வேலைக்குப் போவதென்றால் போகலாம். இப்போது நியூசிலாந்தில் அரசின் அங்கீகாரம் பெற்ற முதலாளியிடமிருந்து வேலை உறுதி கிடைத்தால்தான் வேலை விசா, ஆகவே பணம் கேட்கும் தரகரிடம் கொடுப்பதற்கு முன்னால் முதலாளியோடு நீங்களே பேசுங்கள், விடுப்பு முறையையும் வீட்டு வாடகைப் பிடித்தத்தையும் ஒப்பந்தத்தில் எழுத்தாகக் கேளுங்கள். இரண்டு ஏக்கரை விற்ற பணத்தில் அங்கே நிலம் வாங்கலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம், மாடு வாங்கவே அது பற்றாது. நிலத்தை நம்பிக்கையான ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போங்கள்.

அப்பா ஊர் திரும்பியதும் தொழுவுச் சுவரில் ஒரு சிலேட்டை மாட்டினார். கறுப்பிக்குக் கன்றைக் கட்டு, சிவப்பிக்குப் பருத்திக்கொட்டை ஒருபடி என்று எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு அம்மாவோடு இரண்டு நாள் திருச்செந்தூருக்குப் போனார். முதல் நாள் இரவே திரும்பிவிட்டார். பையன் சரியாகத்தான் கறந்திருந்தான்.