சைக்கிளில் ஊட்டியின் பழைய கட்டடங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவர்கள் 14 பேரை ஊட்டியின் பழைய கட்டடங்களைப் பார்க்க சைக்கிளில் கூட்டிப்போக நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?
— பேராசிரியை ஒருவர், கோவை

பதில்: முதலில் கட்டடங்களின் வரிசையை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. கீழே சமவெளியில் கிலோமீட்டரைக் கணக்கிடுவோம். ஊட்டியில் மேட்டைத்தான் கணக்கிட வேண்டும். கால் புதிதாக இருக்கும்போதே ஏற்றத்தை முடித்து, கடைசியில் ஸ்டேஷனுக்கு இறங்குவதுபோல வைத்துக்கொள்ளுங்கள்: சேரிங் கிராஸ், புனித ஸ்டீபன் ஆலயம், நீலகிரி நூலகம், அரசு கலைக் கல்லூரி, ரயில் நிலையம். தூரம் மொத்தமும் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் நாலு மணி நேரம் ஒதுக்குங்கள். நேரத்தைத் தின்பது மிதிப்பதல்ல, நிறுத்தங்கள்.

ஆலயத்துக்கு அரை மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம். 1829-இல் அடிக்கல் நாட்டி, 1830-இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். உள்ளே போனதும் எல்லோரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த உத்திர மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை. கல்லறைத் தோட்டத்தில்தான், கோவை கலெக்டராக இருந்து ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவி ஹென்ரியெட்டாவின் கல்லறை இருக்கிறது. தோட்டம் சரிவானது, மழைக்காலத்தில் பாசி வழுக்கும். ஞாயிறு ஆராதனை நேரத்தில் போகவே கூடாது.

1859-இல் தொடங்கிய நூலகத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய ராபர்ட் சிஸ்ஹோம். அது உறுப்பினர்கள் படிக்கும் இடம். கலைக் கல்லூரியிலோ, சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாதான் இன்று முதல்வர் அறை. இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே தேதி, நேரம், ஆள் கணக்கோடு கடிதம் எழுதி, கையில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் 14 பேராகப் போய் நின்றால் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

14 பேரையும் ஒரே வரிசையாக விடாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸுக்கு முந்த இடம் கிடைக்காமல் போகும், டிரைவரும் பொறுமை இழப்பார். ஏழு ஏழாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் வழி தெரிந்த ஒருவர் முன்னே, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர் கடைசியில். கடைசி ஆளை யாரும் பின்னால் விடக்கூடாது என்பது மட்டும் மாறாத விதி.

பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். ஏப்ரல், மே சீசனில் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. காலை 8 மணிக்குக் கிளம்பினால் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் நண்பகல்வாக்கில் ஊட்டியை அடையும்போது நீங்களும் ஸ்டேஷனில் இருக்கலாம். குன்னூர் வரை 1899-இலும், ஊட்டிக்கு 1908-இலும் வந்த பாதை அது.

கேள்வி: வாடகை சைக்கிளில் இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பிடிப்பதே இல்லை. ஏன்?
— வாசகர், குன்னூர்

பதில்: பெரும்பாலும் சூடுதான். இறக்கம் முழுக்க லிவரைப் பிடித்தபடியே வந்தால் பிரேக் கட்டையும் ரிம்மும் சூடேறி பிடிப்பு குறையும். ரிம் அளவுக்கு மீறிச் சூடானால் டியூபே வெடிக்கலாம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள், மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் அல்ல. மூடுபனியில் ரிம் ஈரமாக இருந்தால் முதல் பிடி வழுக்கும், அதனால் கொஞ்சம் முன்பே பிடித்து உலர்த்துங்கள்.

சைக்கிளை எடுக்கும்போதே பாருங்கள். பிரேக் கட்டையின் பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேடின் தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்திருக்கக் கூடாது. லிவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் கேபிளை இறுக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் ஆலன் கீ இருந்தால் பெரும்பாலும் போதும். இறக்கத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் குறைந்தது பதினைந்து மீட்டர் இடைவெளி விடுங்கள்.