டெலவேர் ஆற்றைக் கடந்தவரா எங்கள் முன்னோர்?

கேள்வி: நான் கடலூரில் பிறந்து வளர்ந்தவள், பதினெட்டு ஆண்டுகளாகப் பென்சில்வேனியாவில் வாழ்கிறேன். என் கணவர் அங்கே பல தலைமுறைகளாக வேரூன்றிய ஜெர்மானிய வம்சாவளியினர். தங்கள் முன்னோர் ஒருவர், அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனோடு டெலவேர் ஆற்றைக் கடந்த படை அதிகாரி என்று 84 வயதான என் மாமியார் பெருமையோடு சொல்வார். அது உண்மையா என்று 14 வயதான என் மகள் கேட்கிறாள். ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், அவருடையது என்று சொல்லப்படும் கல் ஒன்று எழுத்தழிந்து சாய்ந்து நிற்கிறது. எப்படித் தேடுவது? கதை பொய்யென்று தெரிந்தால் மாமியாரின் மனம் புண்படாதா? வேறு நாட்டிலிருந்து வந்த மருமகள் நான் இதில் இறங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பென்சில்வேனியா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இறங்கலாம், நீங்கள் இறங்குவதே நல்லது. அவர் உங்கள் மகளுக்கும் பாட்டனார். அந்த வீட்டில் பிறந்தவர்கள் எல்லாம் தெரிந்ததுபோல் கடந்துபோகிற இடத்தில் நின்று, "இது யார் சொன்னது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது?" என்று கேட்க, வந்தவளால்தான் எளிதில் முடியும்.

ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன்னால், இந்த வாரமே, உங்கள் மாமியார் எதிரில் அமர்ந்து அவர் சொல்வதை முழுமையாக ஒலிப்பதிவு செய்யுங்கள். இடையில் திருத்தாதீர்கள். கதையை யாரிடமிருந்து கேட்டார், சொன்னவர் எங்கே வாழ்ந்தார், யார் யார் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், வீட்டுப் பழைய பைபிள் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். போர்க்களக் கதையைவிட அந்தக் குடும்பத்துப் பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர்கள் உங்களுக்குப் பல மடங்கு பயன்படும். காப்பகம் நாளையும் திறந்திருக்கும். 84 வயதுக்காரரின் நினைவை அப்படி நம்பித் தள்ளிப்போட முடியாது.

அடுத்து, பலரும் தவறு செய்கிற இடம். 1776இல் வாழ்ந்தவரிடமிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வராதீர்கள். உங்கள் மகளிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாக மேலே போங்கள். நம் ஊரில் மனை வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் வரை இணைப்புப் பத்திரங்களைத் தேடுவாரே, அதே முறைதான். நடுவில் ஒரு பத்திரம் இல்லையென்றால் மேலே எத்தனை பழைய பட்டா இருந்தும் வழக்கறிஞர் ஒப்புக்கொள்ள மாட்டார். இங்கேயும், இன்னாருடைய மகன் இன்னார் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் தனிச் சான்று வேண்டும்.

பென்சில்வேனியாவில் மாநிலம் முழுவதுக்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1906இல்தான் தொடங்கியது. அதற்கு மேலே 1850 வரை மக்கள்தொகைக் கணக்கு கைகொடுக்கும்; வீட்டிலுள்ள, அடிமையல்லாத ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கு அதுதான். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவரின் பெயரும் தலை எண்ணிக்கையும் மட்டுமே இருக்கும் என்பதால், 1790க்கும் 1850க்கும் இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில்தான் பெரும்பாலான குடும்பங்களின் நூல் அறுந்துபோகிறது. அந்த இடைவெளியை உயில்கள், நிலப் பத்திரங்கள், வரிப் பட்டியல்கள், லூத்தரன் மற்றும் சீர்திருத்தச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் ஆகியவற்றைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும். ஜெர்மானியர்கள் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழை ஃப்ராக்டூர் என்ற அலங்கார எழுத்தில், பறவையும் பூவும் வரைந்து, வண்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். அப்படி ஒன்று மாமியார் வீட்டுப் பரணிலோ சுவரிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அழகுப் பொருள் என்று நினைத்து மாட்டியிருப்பார்கள், அதில் பெற்றோர் பெயரும் பிறந்த நாளும் இருக்கும்.

பெயர்களில் எச்சரிக்கை வேண்டும். ஒரே வீட்டில் பல ஆண் பிள்ளைகளுக்கு யோஹான் என்று முதற்பெயர் வைத்து, இரண்டாம் பெயரால் அழைப்பது அவர்கள் வழக்கம். எழுதிய ஆங்கிலேய எழுத்தரோ காதில் விழுந்ததை எழுதினார். மியூலர் மில்லரானார், ஷ்னைடர் ஸ்னைடரானார், சிம்மர்மன் என்ற தச்சர் பெயர் மொழிபெயர்ந்து கார்பென்டர் ஆனதும் உண்டு. பெயர் பொருந்துகிறது என்பதற்காக ஒருவரை உங்கள் முன்னோர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஊர், மனைவி பெயர், நிலம் ஆகிய மூன்றும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

இனி படைச் சேவை. 1776 டிசம்பர் 25 இரவு, எதிரிப் படையைத் திடீரெனத் தாக்க வாஷிங்டனோடு டெலவேர் ஆற்றைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 2,400 பேர். அவர்களின் பெயர்களை ஒன்றாகச் சேர்த்து அன்று யாரும் பட்டியல் எழுதி வைக்கவில்லை. எந்தப் படைப்பிரிவுகள் கடந்தன என்பது தெரியும், எனவே உங்கள் முன்னோர் அந்த மாதம் அந்தப் பிரிவில் இருந்தார் என்று வருகைப் பட்டியலைக் கொண்டு காட்டினால்தான் கதை நிற்கும். அதைவிட நடக்கக்கூடியது ஒன்று உண்டு. 1777 மார்ச்சில் பென்சில்வேனியா இயற்றிய சட்டம், 18 முதல் 53 வயது வரையிலான வெள்ளையின ஆண்களை மிலிஷியா எனப்படும் உள்ளூர்க் குடிப்படையில் பதியும்படி கட்டளையிட்டது. ஒவ்வொரு பகுதியின் ஆட்களும் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து இரண்டு மாதச் சேவைக்கு அழைக்கப்பட்டார்கள். எனவே குடிப்படைப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் களத்துக்குப் போனார் என்று சொல்லிவிட முடியாது. அவர் பணியில் இருந்ததற்கான சம்பளப் பட்டியல் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிப்படையினர் தங்கள் கேப்டனைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அப்படிக் கிடைத்த பட்டம் ஊரார் வாயில் ஆயுள் முழுவதும் நிலைத்துவிடும். உங்கள் மாமியார் சொல்லும் 'அதிகாரி' அந்த வழியில் வந்தவராகவும் இருக்கலாம். மாநிலப் படைப் பதிவுகளுக்கு ஹாரிஸ்பர்க்கிலுள்ள பென்சில்வேனியா மாநில ஆவணக் காப்பகத்தை நாடுங்கள். பெயர்வாரியாகத் தொகுத்த அட்டைகள் அங்கே இருக்கின்றன.

கான்டினென்டல் படை என்ற மையப் படையில் இருந்தவராயின், வாஷிங்டன் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். 1800 நவம்பரில் போர்த் துறை அலுவலகம் தீப்பற்றியதில் மூலப் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்தது. 1814இல் ஆங்கிலேயர் தலைநகரைக் கொளுத்தியபோது மேலும் போயிற்று. எஞ்சிய வருகைப் பட்டியல்களையும் சம்பளப் பட்டியல்களையும் கொண்டு 1890களில் வீரர் ஒவ்வொருவருக்கும் அட்டைகள் எழுதித் தொகுத்தார்கள். ஆகவே அட்டை இல்லை என்பது அவர் போரிடவில்லை என்பதற்குச் சான்றாகாது.

நான் உங்களை முதலில் திறக்கச் சொல்வது ஓய்வூதியக் கோப்பு. ஏறத்தாழ 80,000 கோப்புகள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் கட்டணமின்றிப் பார்க்கலாம். கோப்பு எண்ணுக்கு முன்னால் எஸ் என்றிருந்தால் உயிரோடிருந்த வீரருடையது, டபிள்யூ என்றால் கைம்பெண்ணுடையது, ஆர் என்றால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம். நிராகரிக்கப்பட்டதை ஒதுக்கிவிடாதீர்கள், ஆறு மாதச் சேவை நிரூபணமாகவில்லை என்பது போன்ற காரணங்களால் தள்ளப்பட்டவற்றிலும் முழு வாழ்க்கை வரலாறு இருக்கும்.

1818 சட்டம் மையப் படையில் ஒன்பது மாதமாவது பணியாற்றிய, வறுமையில் வாடிய வீரர்களுக்கு மாதம் 8 டாலர் கொடுத்தது. விண்ணப்பங்கள் குவியவே, 1820இல் ஒவ்வொருவரும் தம் சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தர வேண்டும் என்றார்கள். கனெக்டிகட் படையில் சிறுவனாகச் சேர்ந்து போர் முடியும்வரை இருந்த ஜோசப் பிளம் மார்ட்டின், அப்போது மெய்ன் மாநிலத்தில் வாழ்ந்தார். அவர் கொடுத்த பட்டியலில் இரண்டு பசுக்கள், ஆறு ஆடுகள், ஒரு பன்றி இருந்தன. தாம் கூலி வேலை செய்பவர் என்றும், முதுமையால் வேலை செய்ய இயலவில்லை என்றும், மனைவி நோயாளி என்றும் அவர் சொன்னார். போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் சண்டை வரை போரிட்டவரின் சொத்து அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைப் படித்தால் விடுதலைப் போர் என்பது வெள்ளைக் குதிரையும் கொடியும் மட்டுமல்ல என்று உங்கள் மகளுக்குப் புரிந்துவிடும்.

குடிப்படையினரையும் சேர்த்துக்கொண்ட 1832 சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், எங்கே பிறந்தேன், யார் அழைத்துப் போனார்கள், எந்த வழியாக நடந்தோம் என்று கேள்விகளுக்கு விடையாகச் சொன்னார்கள். எழுதத் தெரியாத கிழவர் சொல்ல எழுத்தர் எழுதி, கீழே அவர் வைத்த பெருக்கல் குறியைப் பார்க்கலாம். கைம்பெண்களின் கோப்புகள் இன்னும் வளமானவை. திருமணத்தை நிரூபிக்க வேறு வழியில்லாத பெண்கள், பைபிளில் குடும்பத்தார் பிறப்பு இறப்பு எழுதிய பக்கங்களைக் கிழித்து அரசுக்கு அனுப்பினார்கள். ஃப்ராக்டூர் சான்றிதழ்களையும் அனுப்பினார்கள். அவை பல இன்றும் அந்தக் கோப்புகளோடு காப்பகத்தில் இருக்கின்றன. கேட்டுப் பார்த்தும் கிடைக்காத உங்கள் வீட்டுப் பைபிள் பக்கம் அங்கே இருக்கவும் கூடும்.

விடுதலைப் போரில் பங்கெடுத்தவர்களின் வாரிசுகளுக்காக 1889இலும் 1890இலும் தொடங்கப்பட்ட அமெரிக்கப் புரட்சியின் மைந்தர், மகளிர் சங்கங்களின் பழைய உறுப்பினர் விண்ணப்பங்களும் உதவும்; மகளிர் சங்கத்தின் வம்சாவளித் தரவுகளைக் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் நூறாண்டுக்கு முன் ஏற்கப்பட்ட விண்ணப்பங்களில் பிழைகள் உண்டு என்பதை அச்சங்கமே ஒப்புக்கொள்கிறது. அவற்றைத் துப்பாக எடுத்துக்கொண்டு மூல ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். சங்கத்தில் சேர விரும்பினால் உங்கள் மகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். தாய் எந்த நாட்டவர் என்பது ஒரு தடையல்ல.

1790 கணக்கெடுப்பைத் திறக்கும்போது கடைசிக் கட்டத்தையும் பாருங்கள். அதில் அந்த வீட்டிலிருந்த அடிமைகளின் எண்ணிக்கை எழுதியிருக்கும். பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அதை மகளிடம் மறைக்காதீர்கள். அந்தப் படைகளில் கறுப்பின வீரர்கள் சுமார் 5,000 பேர் போரிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலரின் வாரிசுகளுக்கு இப்படித் தேட ஒரு குடும்பப் பெயர்கூட மிஞ்சவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவளிடம் சொல்ல இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் போர் பிரான்சையும் இழுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கடல்வரை வந்தது. 1783 ஜூன் 20 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனின் கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹ்யூஸின் கப்பல்களும் கடலூருக்கு அப்பால் மோதிக்கொண்டன. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்து சேரவில்லை. தந்தை வழிப் பாட்டனார் இருந்ததாகச் சொல்லப்படும் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று தாய் பிறந்த ஊர்க் கரையில் நடந்தது என்பதை அறிய அவளுக்கு உரிமை இருக்கிறது.

கல்லைப் பற்றி. தேவாலய நிர்வாகத்திடம் அனுமதி கேட்பதற்கு முன் அதைத் தொடாதீர்கள். எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டி தேய்ப்பது, ஷேவிங் க்ரீம் பூசுவது, ப்ளீச் ஊற்றுவது, கம்பி பிரஷால் தேய்ப்பது ஆகிய எல்லாமே கல்லைத் தின்றுவிடும். ஒரு நிலைக்கண்ணாடியை எடுத்துப்போய், மகளை அதைப் பிடிக்கச் சொல்லி, வெயிலைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழச் செய்யுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து, 'ஹியர் ரூட்' அதாவது 'இங்கே இளைப்பாறுகிறார்' என்பது போன்ற ஜெர்மன் எழுத்து மேலெழுந்து வரலாம். சாய்ந்ததை நிமிர்த்தும் வேலையைக் கல்லறைக் கல் பராமரிப்பில் பழகியவரிடம் விடுங்கள். கல்லே இல்லாத பழைய வீரரின் கல்லறைக்கு, சேவைக்கான ஆவணத்தோடு விண்ணப்பித்தால், முன்னாள் படைவீரர் துறை விலையின்றிக் கல் தரும். உங்கள் முன்னோருக்கு ஒரு கல் இருப்பதால் அதைக் காப்பாற்றுவதே முதல் வேலை. பக்கத்தில் புதிதாகப் பலகை வைப்பதானால், நிரூபணமான பெயர், படைப்பிரிவு, ஆண்டுகள் இவற்றை மட்டும் பொறியுங்கள். மார்ட்டினின் கல்லறைக் கல் அவரைப் 'புரட்சியின் போர்வீரர்' என்றுதான் சொல்கிறது. வேறு புகழுரை அதற்குத் தேவைப்படவில்லை. மனைவியின் பெயர் கிடைத்தால் அதையும் சேருங்கள். அவர் களத்தில் இருந்த மாதங்களில் நிலத்தை உழவைத்ததும் பிள்ளைகளைக் காத்ததும் அவள்தான்.

இனி மாமியாரிடம் என்ன சொல்வது. அவர் பொய் சொல்லவில்லை. தாம் கேட்டதை நம்பிக்கையாகக் காத்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். அவர் சொல்லியிருக்காவிட்டால் நீங்கள் தேடவே தொடங்கியிருக்க மாட்டீர்கள். "நீங்கள் சொன்னது தவறு, அத்தை" என்று போய் நிற்காதீர்கள். ஆற்றைக் கடக்காத, இரண்டு மாதம் மட்டும் முறை வந்து போன சாதாரணக் குடிப்படை வீரர்தான் என்று தெரியவந்தால், அவர் பெயர் இருக்கும் சம்பளப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துப்போய், பேத்தியை அவர் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெயரையும் கேப்டன் பெயரையும் நாட்களின் எண்ணிக்கையையும் அவர் காதால் கேட்கட்டும். ஒலிப்பதிவுக் கருவியை அன்றைக்கும் ஓடவிடுங்கள். அந்தப் பெயர்களைக் கேட்டதும் அவருக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வரக்கூடும்.