தண்ணிக்குள்ள ஒரு சந்தேகம்: ஸ்காட்லாந்து குளிருக்கு எந்த ரெகுலேட்டர்?

கேள்வி: அண்ணே, நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில இன்ஜினியர். பெர்ஹெந்தியான், பாயார் தீவுன்னு டைவ் பண்ணிட்டு இருக்கேன், எல்லாம் வாடகை ரெகுலேட்டர் செட்டுதான் (டேங்க் காத்தோட அழுத்தத்தைக் குறைச்சு மூச்சுக்குத் தர்ற கருவி). இப்ப கம்பெனி ரெண்டு வருஷத்துக்கு ஸ்காட்லாந்து அனுப்புது. அங்க ஸ்காப்பா ஃப்ளோவுல மூழ்கிக் கெடக்கற போர்க்கப்பலைப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இங்க ஒரு கடையில தண்ணி உள்ள போகாம சீல் பண்ண டயஃப்ரம் (சவ்வு) வகை செட்டு 3,800 ரிங்கிட், முழு சர்வீஸ் 550, சும்மா செக் பண்ண 150னு சொன்னாங்க. கூட்டாளி ஒருத்தர் தன்னோட பழைய பிஸ்டன் செட்டை 1,200க்குத் தர்றேங்கிறார். அதை வாங்கிட்டு மிச்சக் காசை தண்ணி உள்ள புகாத ட்ரை சூட்ல போட்டா சரியா வருமா?
— பினாங்கு வாசகர்

பதில்: தம்பி, காசு கணக்குக்கு முன்னாடி கூட்டாளியோட ஃபர்ஸ்ட் ஸ்டேஜை, அதாவது டேங்க் வால்வுல மாட்டற பாகத்தை, கையில வாங்கி அதுல என்ன பொறிச்சிருக்குன்னு பாருங்க. ஐரோப்பாவுல ரெகுலேட்டருக்கு இஎன் 250னு ஒரு தரம் இருக்கு, அதுப்படி 10 டிகிரிக்குக் கீழ போனாலே குளிர் தண்ணி, அந்தத் தண்ணிக்குன்னு விக்கறதை 4 டிகிரியில வச்சு சோதிச்சிருக்கணும், அதுல தேறாததுக்கு 10 டிகிரிக்கு மேல மட்டும்னு குறி இருக்கும். அந்தக் குறியைப் பாத்தீங்கன்னா நன்றி சொல்லித் திருப்பிக் குடுத்துடுங்க. ஸ்காட்லாந்து கடல் மார்ச் மாசம் 6, 7 டிகிரிக்கு இறங்கிடும், நல்ல கோடையிலயே 14 தாண்டுறது அபூர்வம். நீங்க இத்தனை நாள் குதிச்சது 29 டிகிரி தண்ணியில.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, டேங்க்ல 200 பார் அழுத்தத்துல இருக்கற காத்து ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல 10 பார் பக்கத்துக்கு சட்டுன்னு விரியுது, விரியற காத்து பயங்கரமா குளிரும், டேங்க் வால்வை முழுசா திறந்து காலி பண்ணும்போது வால்வு மேல வெள்ளையா பனி படியறதைப் பாத்திருப்பீங்களே அதேதான். நம்ம கடல் வெதுவெதுன்னு இருக்கறதால உள்ள குளிர்ந்த உலோகத்தை உடனே சூடாக்கிடும், ஒண்ணும் தெரியாது. 6 டிகிரி தண்ணிக்கு அந்தத் தெம்பு கிடையாது. சீல் இல்லாத பிஸ்டன்ல ஸ்ப்ரிங்கைச் சுத்தி தண்ணி நிக்கும், அது ஐஸ் ஆச்சுன்னா பிஸ்டன் மூட முடியாம மாட்டிக்கும், உள்ள அழுத்தம் ஏறும், வாயில வைக்கற செகண்ட் ஸ்டேஜ் தாங்காம காத்தைக் கொட்ட ஆரம்பிச்சிடும். அதுதான் ஃப்ரீ ஃப்ளோ. காத்து பாயப் பாய இன்னும் குளிரும், ஐஸ் இன்னும் கூடும், தானா நிக்காது, 30 மீட்டர்ல இப்படி ஆனா ஒரு டேங்க் சில நிமிஷத்துல காலி. அந்த ஆழத்துல ஒவ்வொரு மூச்சுக்கும் தண்ணிக்கு மேல இழுக்கற காத்தைவிட நாலு மடங்கு வேணும், ரெண்டு பேர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல மூச்சு விட்டா அதுக்கும் ரெண்டு மடங்கு. ஸ்காப்பா ஃப்ளோ கப்பலெல்லாம் ஆழத்துல கெடக்கு, 1919 ஜூன் 21ல ஜெர்மன்காரன் தன் கப்பற்படையைத் தானே மூழ்கடிச்ச இடம், பெரிய கப்பல்ல சிலது 40 மீட்டர் பக்கம் வரும். அதுக்கு நான் சீல் பண்ண டயஃப்ரம்தான் சொல்லுவேன். குளிருக்குன்னே சீல் பண்ணி வர்ற பிஸ்டனும் உண்டு, உங்க கூட்டாளியோடது அந்த வகையான்னு விசாரிங்க, பழசுன்னா பெரும்பாலும் இருக்காது.

பித்தளையில குரோம் பூசினதா எடுங்க. டைட்டானியம் எடை கம்மி, பிளைட்டுக்கு நல்லது, ஆனா பித்தளை அளவுக்கு சூடு கடத்தாது, நமக்கு இங்க வேண்டியது தண்ணியில இருக்கற கொஞ்ச நஞ்ச சூட்டை உள்ள இழுக்கற உலோகம். செகண்ட் ஸ்டேஜும் முழு பிளாஸ்டிக்கா இல்லாம உலோகம் கலந்ததா இருந்தா நல்லது, ஏன்னா நம்ம மூச்சுல இருக்கற ஈரம் அங்கதான் உறையும். இன்னொண்ணு, டேங்க்ல மாட்டற முனை கவ்விப் பிடிக்கற யோக் வாங்காதீங்க, திருகி இறுக்கற டின் வாங்குங்க. அங்க டின்தான் நிறைய, திரும்பி வந்ததும் ஒரு அடாப்டர் மாட்டினா நம்ம ஊர் டேங்க்லயும் உக்காந்துடும்.

சரி, காசுக்கு வருவோம். நீங்க குடுத்த ரேட்டையே வச்சு ஆறு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. ஒரு வருஷம் செக், அடுத்த வருஷம் முழு சர்வீஸ்னு போற கம்பெனின்னா மூணு சர்வீஸ் 1,650, மூணு செக் 450, ஆக 2,100. செட்டு விலையோட 5,900. அதே விலையில இன்னொரு பிராண்டு வருஷா வருஷம் முழு சர்வீஸ் கட்டாயம்னா 3,300 ஆயிடும், மொத்தம் 7,100. கடையில ரெண்டு பொட்டியும் ஒரே விலைதான், 1,200 ரிங்கிட் வித்தியாசம் பின்னாடி ஒளிஞ்சிருக்கு பாத்தீங்களா. கூட்டாளி செட்டுன்னா 1,200, வாங்கின கையோட ஒரு சர்வீஸ் 550, அப்புறம் அதே 2,100, கூட்டினா 3,850. அந்த 5,900ஐவிட மிச்சமாகறது 2,050, ஆனா குளிருக்கு ஆகாத செட்டுன்னா ஸ்காட்லாந்து போய் இன்னொண்ணு வாங்கப் போறீங்க, அப்ப மிச்சம் எங்க?

ஆயுசுக்கும் பார்ட்ஸ் இலவசம்னு சில கடையில அடிச்சு விடுவாங்க. கூலி இலவசம் இல்ல, தேதி தவறாம சர்வீஸ் பண்ண ரசீது இல்லன்னா அந்தச் சலுகையே போச்சு. நீங்க எப்பவாவது டைவ் பண்ற ஆள், உங்களுக்கு அது லாபமான்னு கூலியை மட்டும் தனியா கேட்டுப் பாருங்க. சீல் பண்ண டயஃப்ரம்ல பார்ட்ஸ் கூட, அதனால சர்வீஸ்ல மாத்தற பார்ட்ஸ் கிட் விலையும் சாதாரண பிஸ்டனைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும், அது குளிருக்குக் கட்டற வரி, வேற வழி இல்ல.

என் முடிவு, இங்க அவசரப்பட்டு வாங்காதீங்க. ரெண்டு ஊர்லயும் சர்வீஸ் பண்ண ஆள் இருக்கற பிராண்டை முதல்ல முடிவு பண்ணுங்க, மாடல் அப்புறம். ஏப்பெக்ஸ் இங்கிலாந்து பிராண்டு, அங்க பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்ல, ஸ்கூபாப்ரோவும் பரவலா கிடைக்கும். கடைக்காரர்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க, சர்வீஸ் நீங்களே பண்றீங்களா இல்ல வேற ஊருக்கு அனுப்புறீங்களா, கிட் ஸ்டாக்ல இருக்கா. பதில் இழுத்தார்னா புரிஞ்சுக்கலாம் லா.

கேள்வி: ஐஸ்லாந்து டூர் போறோம், சில்ஃப்ரா பிளவுல ஒரே ஒரு டைவ். அதுக்குன்னு குளிர் ரெகுலேட்டர் வாங்கணுமா?
— கிள்ளான் வாசகி

பதில்: வேணாம்மா. பனியாறு உருகி வர்ற நல்ல தண்ணி அது, வருஷம் முழுக்க 2லேருந்து 4 டிகிரி, அதுக்கு ஏத்த செட்டை டூர் நடத்தறவங்களே தருவாங்க. உங்க கவலை ட்ரை சூட்தான், அதுக்கான சர்டிஃபிகேட்டோ முன்னாடி ட்ரை சூட்ல டைவ் பண்ண பதிவோ கேப்பாங்க. இன்னொண்ணு, கரையில நிக்கும்போது ரெகுலேட்டரை வாயில வச்சு மூச்சு விட்டுப் பாக்காதீங்க, காத்தை வெளிய அடிக்கற பர்ஜ் பட்டனை அமுக்காதீங்க, குளிர்காலத்துல அங்க காத்தே உறையற குளிர்ல இருக்கும், ஈரம் உள்ள போய் தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடியே ஐஸ் கட்டிடும்.

கேள்வி: ஆன்லைன்ல ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிட் விக்கறான், வீடியோ பாத்து ரெகுலேட்டரை நானே சர்வீஸ் பண்ணா என்ன?
— செந்தூல் வாசகர்

பதில்: பிரிக்கறது சுலபம், திரும்பப் பூட்டி அழுத்தம் சரியா வைக்கறதுதான் வித்தை. அதுக்குப் பதிலா ஒரு சின்ன அழுத்த கேஜ் வாங்கி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்லேருந்து வர்ற லோ பிரஷர் ஹோஸ்ல மாட்டிப் பாருங்க, முள் உங்க மாடலுக்குச் சொன்ன அளவுல, பெரும்பாலும் 9லேருந்து 10 பார்ல, அசையாம நின்னா சரி, மெல்ல ஏறிக்கிட்டே போனா உள்ள காத்தை அடைக்கற சீட் தேஞ்சிருக்கு, தேதி வரலன்னாலும் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. கழுவும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை மூடற டஸ்ட் கேப்பை நல்லா தொடைச்சு இறுக்கி மூடிட்டு கழுவுங்க, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்குள்ள தண்ணி போய்த்தான் பாதி பேரோட சர்வீஸ் பில்லு எகிறுது.