1433 திறந்துதான் இருக்கிறது, கமிட் மட்டும் ஆகவில்லை: டிடிசி கேள்வி பதில்

கேள்வி: இரண்டு எஸ்கியூஎல் சர்வர்கள், நடுவில் ஒரு ஃபயர்வால். 1433 போர்ட்டைத் திறந்துவிட்டோம். லிங்க்டு சர்வர் (ஒரு சர்வரிலிருந்து மற்றதன் டேட்டாவை அணுகும் இணைப்பு) வழியாக செலக்ட் குவெரி நன்றாக ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்ஷன் (இரண்டு சர்வரிலும் சேர்ந்தே நடக்க வேண்டிய மாற்றம்) தொடங்கினால் மட்டும் 7391 பிழை. எதை விட்டுவிட்டேன்?

பதில்: 1433-ல் போய்வருவது குவெரியும் அதன் விடையும்தான். இரண்டு பக்கமும் சேர்ந்து கமிட் ஆக (மாற்றம் நிரந்தரமாகப் பதிவாக) வேண்டும் என்றதும் பொறுப்பு வேறு ஆள் கைக்குப் போகிறது: இரண்டு மெஷினிலும் ஓடும் எம்எஸ்டிடிசி, சுருக்கமாக டிடிசி, என்ற விண்டோஸின் டிரான்சாக்ஷன் ஒருங்கிணைப்பு சர்வீஸ். இவை ஆர்பிசி (ஒரு மெஷின் மற்றதன் சர்வீஸை நெட்வொர்க் வழியாக அழைக்கும் முறை) மூலம் பேசுபவை. முதலில் டிசிபி 135-ஐத் தட்டி, "அந்தப் பக்கத்து டிடிசி எந்த போர்ட்டில் இருக்கிறது?" என்று விசாரிக்கும். கிடைக்கும் எண் 49152 முதல் 65535 வரை எதுவாகவும் இருக்கலாம். விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் அது 1025 முதல் 5000 வரை. 135-ஐ மட்டும் திறந்தால் விலாசம் கிடைக்கும், வீட்டுக்குள் போக முடியாது.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று. முதல் சர்வர் இரண்டாவதைக் கூப்பிடுவதோடு முடிவதில்லை. இரண்டாவதும் தன் பங்குக்குப் புது இணைப்பு ஒன்றைத் திறந்து முதல் சர்வரைக் கூப்பிடும். "பதில் பாக்கெட் தானாகத் திரும்பி வந்துவிடுமே" என்ற கணக்கு இங்கே செல்லாது. ரூல் இரண்டு திசையிலும் வேண்டும்.

கேள்வி: சார், 16,384 போர்ட்டையும் திறக்கச் சொன்னால் செக்யூரிட்டி டீம் அடிக்க வருகிறது.

பதில்: அவர்கள் பக்கம்தான் நியாயம். டிடிசியை ஒரே போர்ட்டில் கட்டிப்போடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், எம்எஸ்டிடிசி என்று போய், 'சர்வர் டிசிபி போர்ட்' என்ற பெயரில் (இடைவெளி இல்லாமல்) ஒரு டிவேர்ட் (எண்) மதிப்பாக போர்ட் எண்ணை வையுங்கள். இரண்டு மெஷினிலும் செய்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் ஃபயர்வாலில் 135-ம் அந்த ஒரு போர்ட்டும் போதும். எண்ணை அடிக்கும்போது 'டெசிமல்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெக்ஸில் 5000 என்று அடித்தால் அது 20480. இப்படி ஒரு முழு மதியத்தைத் தொலைத்தவன் நான்.

ஆர்பிசி போர்ட் வரம்பையே சுருக்கும் பழைய வழியும் உண்டு. அது அந்த மெஷினின் எல்லா ஆர்பிசி சர்வீஸையும் பாதிக்கும், ரீபூட்டும் கேட்கும். எனக்கு அது பிடிக்காது.

கேள்வி: போர்ட் எல்லாம் இரண்டு பக்கமும் டெஸ்ட் ஆகிறது. ஆனாலும் தோல்வி.

பதில்: அப்படியானால் பெயரைப் பாருங்கள். டிடிசி மறுபக்கத்தைத் தேடுவது ஐபியை வைத்து அல்ல, கம்ப்யூட்டர் பெயரை வைத்து. ஒவ்வொரு மெஷினிலிருந்தும் மற்றதின் குறும்பெயர் சரியான ஐபிக்குப் போகிறதா? இல்லையென்றால் டிஎன்எஸ்ஸையோ ஹோஸ்ட்ஸ் ஃபைலையோ திருத்துங்கள். பெயரும் சரி என்றால், காம்பொனன்ட் சர்வீசஸில் லோக்கல் டிடிசியின் செக்யூரிட்டி டேபில் நெட்வொர்க் அணுகல், இன்பவுண்ட், அவுட்பவுண்ட் மூன்றும் டிக் ஆகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் டிக் செய்துவிட்டு மறுபக்கத்தை மறப்பதுதான் வழக்கம்.

கேள்வி: எங்கள் இரண்டு சர்வரும் ஒரே விஎம் இமேஜிலிருந்து குளோன் செய்தவை. அதனால் பிரச்சினை வருமா?

பதில்: சிஸ்பிரெப் (இமேஜிலிருந்து மெஷினின் தனி அடையாளங்களை நீக்கும் விண்டோஸ் கருவி) செய்யாமல் குளோன் செய்திருந்தால் வரும். இரண்டு டிடிசிக்கும் ஒரே சிஐடி அடையாளம் இருக்கும். அவை ஒன்றோடொன்று பேசாது. டிடிசிபிங் கருவியை இரண்டு பக்கமும் ஓட்டினால் இது தெரிந்துவிடும். முடிவாகாத டிரான்சாக்ஷன் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு மெஷினில் எம்எஸ்டிடிசியை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். செக்யூரிட்டி டிக்குகளும் போர்ட்டும் அப்படியே இருக்கின்றனவா என்று பிறகு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஃபயர்வால் ரூலை மாற்றும்போது இணைப்பு அறுந்தது. இப்போது ஒரு டேபிள் லாக்கிலேயே கிடக்கிறது. செஷன் எண் மைனஸ் 2 என்று காட்டுகிறது. கில் செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மைனஸ் 2 என்றால் கேட்பாரற்றுப் போன டிஸ்ட்ரிபியூட்டட் டிரான்சாக்ஷன். இரண்டு கட்ட கமிட்டில் முதல் கட்டத்தில் எல்லோரும் "தயார்" என்பார்கள். இரண்டாம் கட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் "கமிட்" என்பார். தயார் என்று சொன்ன பிறகு தொடர்பு அறுந்தால், அந்த சர்வர் தானாக எந்த முடிவும் எடுக்க முடியாது. லாக்கைப் பிடித்தபடி காத்திருக்கும். மறுபக்கம் ஏற்கெனவே கமிட் ஆகியிருந்து, நீங்கள் இங்கே கில் செய்தால் இரண்டு டேட்டாபேஸும் இரண்டு கதை சொல்லும். முதலில் இணைப்பைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் தானே தீர்ந்துவிடும். தீராவிட்டால் லாக் விவரம் தரும் டிஎம்வியில் (சர்வரின் உள்நிலையைக் காட்டும் வியூ) மைனஸ் 2-க்கு எதிரே இருக்கும் ஓனர் குயிட்டை, அதாவது அந்த டிரான்சாக்ஷனின் தனி அடையாளத்தை, எடுங்கள். மறுபக்கம் என்ன நடந்தது என்று பார்த்த பிறகே அந்த குயிட்டைக் கொடுத்து கில் செய்யுங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் இத்தனை போர்ட் தொல்லை உண்டா அண்ணா?

பதில்: இல்லை. இரண்டு கட்ட கமிட்டின் முதல் கட்டமான பிரிப்பேர் டிரான்சாக்ஷனும் அதன் வழக்கமான 5432 போர்ட்டிலேயே போய்விடும். ஆனால் 'மேக்ஸ் பிரிப்பேர்டு டிரான்சாக்ஷன்ஸ்' அமைப்பின் இயல்பு மதிப்பு 0. அதை உயர்த்தி ரீஸ்டார்ட் செய்யாமல் ஃபயர்வாலைத் திட்டாதீர்கள்.