63 சிசி எடுக்கலாமா? பிரஷ் கட்டர் குறித்த கேள்விகள்

கேள்வி: ஊத்தங்கரைப் பக்கம் மூன்று வருடமாகத் தரிசாகக் கிடக்கும் நாலு ஏக்கரைத் திருத்தப் போகிறோம். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, நடுவில் இடுப்பளவு புல். நிறையக் கல். புல், புதர் வெட்டும் பிரஷ் கட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் 63 சிசி (இன்ஜின் கொள்ளளவு) மிஷின் எடுக்கச் சொல்கிறார். பக்கத்துத் தோட்டத்தாரோ 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: சிசி பேச்சு அப்புறம். நிலத்தில் இறங்கித் தூர்களின் கனத்தைப் பாருங்கள். புல்லும் விரல் கனச் செடியும்தான் பெரும்பகுதி என்றால் 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் தாராளமாகப் போதும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், டூ ஸ்ட்ரோக் போலப் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் இல்லை. மணிக்கட்டு கனத் தூர்கள் நிறைய இருந்தால் 50 சிசி அளவுள்ள டூ ஸ்ட்ரோக் வேண்டும். அதற்கு மேல் கனத்த மரத்துக்குக் கோடாரியோ செயின்சாவோதான்; எந்த பிரஷ் கட்டரும் அதற்கு ஆகாது.

63 என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். கையேட்டில் போர் (சிலிண்டரின் குறுக்களவு), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அளவைப் பாருங்கள். 44 மி.மீ. போர், 34 மி.மீ. ஸ்ட்ரோக் என்று இருந்தால் கணக்கு 51.7 சிசிதான் வரும், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும். இன்ஜின் சக்தி எத்தனை கிலோவாட் என்றும் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாத கடையில் நாளைக்கு ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்காது.

உங்கள் நிலத்துக்கு நேர் ஷாஃப்ட், சைக்கிள் ஹேண்டில்பார் போன்ற இரட்டைக் கைப்பிடி, இரண்டு தோளிலும் மாட்டும் பெல்ட் உள்ள மாடலே சரி. முதுகில் சுமக்கும் மாடல் வரப்புப் புல்லுக்கு வசதி. ஆனால் தூரில் பிளேடு மோதித் துள்ளும்போது அதைக் கையில் அடக்க முடியாது. வளையும் ஷாஃப்டுக்குள் ஓடும் கேபிளும் முறுக்கேறி அறுந்துபோகும்.

மிஷினைவிட பிளேடு தேர்வில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புல்லுக்கும் உண்ணிச்செடிக்கும் மூன்று பல் ஸ்டீல் பிளேடு. கருவேலத் தூருக்கு ரம்பம் போன்ற வட்ட பிளேடு; 10 அங்குலம், 80 பல். பல் நுனியில் கார்பைடு வைத்தது நன்றாக வெட்டும். ஆனால் நம் செம்மண் காட்டில் ஒரு கல்லில் பட்டாலே நுனி தெறித்துவிடும். அதனால் முதல் சுற்றில் ஸ்டீல் பிளேடால் புல்லை மட்டும் வெட்டி, கல்லைப் பொறுக்கிவிட்டு, அப்புறம் வட்ட பிளேடு மாட்டித் தூருக்குப் போங்கள். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டுவது தற்கொலைக்குச் சமம்.

பிளேடு நட்டு இடமறை. வலப்பக்கம் திருகினால்தான் கழலும். வழக்கப்படி இடப்பக்கம் திருகி ஸ்பேனரில் தட்டுபவர்கள் மறையைக் கெடுத்துவிடுகிறார்கள். கியர் தலையின் துளையில் ஆலன் கீயைச் செருகி ஷாஃப்டைப் பூட்டிக்கொண்டு கழற்றுங்கள்.

மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே தூரை பிளேடின் இடப்பக்கத்தால் தொட வேண்டும். கடிகார முகமாக நினைத்தால் (12 உங்களுக்கு நேர் எதிரே) 12க்கும் 3க்கும் நடுவில் உள்ள பகுதி தூரில் பட்டால் மிஷின் உங்களை வலப்பக்கம் தூக்கி வீசும். ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்து வேகம் ஏறிய பிறகே தூரைத் தொடுங்கள். பிளேடு சிக்கினால் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 15 மீட்டருக்குள் ஆளோ ஆடோ கூடாது. முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும் கட்டாயம். கருவேல முள் ரப்பர் செருப்பைத் தைத்துக்கொண்டு மேலே வரும்.

கடைசியாக ஒன்று. வெட்டிய கருவேலம் அடித்தூரிலிருந்து முன்னைவிடப் புதராகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியதும் தூரை வேர்முடிச்சோடு தோண்டி எடுக்கத் தனியாக ஆள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கி இரண்டு மாதமே ஆன 52 சிசி டூ ஸ்ட்ரோக் மிஷின் பாதி வேகத்துக்கு மேல் ஏற மறுக்கிறது. ஆயில் குறைவா, கூடுதலா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: இரண்டுமே கெடுதல், கெடுக்கும் விதம் வேறு. ஆயில் குறைந்தால் பிஸ்டன் கீறி ஜாம் ஆகும். கூடினால் சைலன்சர் வலையில் கரி அடைத்து, உங்கள் மிஷின் போலத் திணறும். வலையைக் கழற்றி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே. அது சுத்தமாக இருந்தால் ஏர் ஃபில்டர், டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டர், பிளக் என்ற வரிசையில் போங்கள். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

கலவை கையேட்டில் உள்ளபடிதான். 25:1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் மருந்துக் கடையில் ஒரு சிரிஞ்சு வாங்கி அளந்து ஊற்றுங்கள். கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் டயாஃப்ரமும் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்துப்போகும். வேலை முடிந்து மிஷினை ஓரங்கட்டும்போது டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிடுங்கள். 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் தலையில் கிரீஸ் வைக்க வேண்டும்.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றினால் ஐடில் திருகை (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது ஓடும் வேகத்துக்கானது) குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் போய்விட்டது, மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இரண்டு வயது மாங்கன்றுகளைச் சுற்றி பிரஷ் கட்டரில் பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு தலை போட்டுக் களை எடுக்கலாமா?

பதில்: கன்றுக்கு ஒட்டி வேண்டாம். கயிறு இரண்டு சுற்று பட்டாலே பட்டை உரிந்துவிடும். தண்டைச் சுற்றி உரிந்தால் கன்று காய்ந்துபோகும். தண்டிலிருந்து இரண்டடி வரை களைக்கொட்டு, அதற்கு வெளியே மிஷின். பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே வெட்டுங்கள், மூக்கு வாயை மூடிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு. கயிறு அதைப் பொடியாக்கித் தெறிக்கும். ஒவ்வாமை உள்ளவருக்குத் தோல் அரிப்பு வாரக்கணக்கில் தீராது.